சுருளுக்கு அடியில் ஒரு தட்டு

1

இந்தக் கதை எனக்கு வந்த ஒரு கோபத்தில் பிறந்தது. மறைக்க ஒன்றுமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சுகுமாறன். மாசாய் என்ற ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். இந்த ஊரில் அந்த வேலை செய்பவனையும் 'சிகு' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிடும் அதே மலாய்ச் சொல். கூடவே கதையும் எழுதுகிறேன். என் இரண்டாவது தொகுப்புக்கு இங்கே ஒரு மண்டபத்தின் மாடியில் கலந்துரையாடல் வைத்தார்கள். இருபத்தாறு நாற்காலி, பத்தொன்பது பேர். (நான் எண்ணினேன். எல்லா எழுத்தாளர்களும் எண்ணுவார்கள், ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.) பாராட்டெல்லாம் முடிந்து வடை வரும் நேரத்தில் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கஸ்தூரி. வயது நாற்பத்திரண்டு, பக்கத்து ஊரான பாசிர் கூடாங்கில் ஒரு கம்பித் தொழிற்சாலையில் டெக்னீஷியன். போன வருஷம்தான் என்னிடம் படித்து லைசென்ஸ் எடுத்தாள்.

"சிகு, கோவிச்சுக்காதீங்க. உங்க கதையில வர்றவங்க எல்லாம் என்னா வேலை பாக்குறாங்க?"

"எல்லா வேலையும்தான்."

"இல்ல சிகு. 'அவள் வேலைக்குப் போனாள்'னு ஒரு வரி வருது. அடுத்த வரியில 'வேலை முடிந்து திரும்பினாள்'னு வருது. நடுவுல எட்டு மணி நேரம் எங்க போச்சு?"

பத்தொன்பது பேரும் சிரித்தார்கள். என் மனைவி வாசுகியும் சேர்ந்து சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு தொகுப்பையும் பிரித்துப் பார்த்தேன். முப்பத்தாறு கதைகள். பதினேழு பேர் பெருமூச்சு விடுகிறார்கள். ஒன்பது பேர் ஜன்னல் வழியே மழையைப் பார்க்கிறார்கள். ஒருவன்கூட ஒரு ஸ்குரூவை முடுக்கவில்லை. கார் ஓட்டிப் பிழைக்கிற நானே ஒரு கியரைப் பற்றிக்கூட எழுதியதில்லை. மறுநாளே கஸ்தூரிக்குப் போன் போட்டேன்.

"உன் வேலையையே எழுதுறேன். என்னா செய்றன்னு சொல்லு."

"அதெல்லாம் புரியாது சிகு."

"கிளட்ச் உனக்குப் புரிஞ்சுச்சா இல்லையா? அந்த மாதிரி எனக்கும் புரியும்."

2

தொடக்கங்கள்.

ஒன்று: 'பாசிர் கூடாங்கின் புகைபோக்கிகளுக்கு மேல் சூரியன் ஒரு செம்புத் தகடாக எழுந்து' —

வேண்டாம், நிறுத்திவிட்டேன். நான் சூரியனைக் கூப்பிட்டால் வேலையிலிருந்து நழுவப் பார்க்கிறேன் என்று பொருள்.

இரண்டு: 'கஸ்தூரி வேலைக்குப் போனாள்.'

அடச்சே.

மூன்று: 'ஒரு கம்பியில் ஓடும் மின்சாரம் பக்கத்துக் கம்பியைச் சும்மா இருக்க விடுவதில்லை.'

இது நிற்கும். நல்ல தொடக்கம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. இதன் பொருளை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கஸ்தூரி. என் பயிற்சிக் காரில், இந்த முறை அவள் சொல்ல நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அவள் சொன்னதை என் தமிழில் தருகிறேன். செம்புக் கம்பியை வட்டமாகச் சுருட்டி, அதில் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி ஓட விடுகிறார்கள். கம்பி இணைக்காமலே சார்ஜ் ஏற்றும் கருவியின் வயிற்றில் இருப்பது இந்தச் சுருள்தான். மின்சாரம் ஓடும் ஒவ்வொரு கம்பியைச் சுற்றியும் ஒரு காந்தப்புலம் உண்டாகும். அது பக்கத்துக் கம்பியின் செம்புக்குள் நுழையும். நுழைந்த இடத்தில் குட்டிக் குட்டியாகச் சுழல் மின்னோட்டம் கிளம்பும். அந்த மின்னோட்டம் எந்த வேலைக்கும் போகாது; இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றிச் செம்பைச் சூடாக்கும். அந்தச் சூடு மொத்தமும் நஷ்டம்.

"அலமாக்! அப்போ என்னாதான் செய்றது?"

"கம்பிய முடி மாதிரி மெல்லிசா இழுத்து, நூறு எரநூறு இழையா முறுக்குறது ஒரு வழி. அது எல்லாரும் செய்றாங்க. நாங்க அதுக்கு மேல ஒண்ணு செய்றோம். ஒவ்வொரு இழைக்கும் இரும்பும் நிக்கலும் கலந்து ஒரு பூச்சு. முடியோட கனத்துல அம்பதுல ஒரு பங்குதான் இருக்கும்."

"இரும்பு காந்தத்த இழுக்குமேம்மா?"

"இழுக்கட்டும்னுதான் போடுறோம். காந்தப்புலம் அந்தப் பூச்சு வழியாவே சுத்திப் போயிரும். உள்ள செம்புக்குள்ள போறது கொறஞ்சுரும்." அப்போது எங்களுக்கு முன்னால் நான்கைந்து மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. "காஸ்வே பாலத்துல மழை பேஞ்சா மோட்டார்காரங்க என்னா செய்வாங்க சிகு? மழைய நிப்பாட்டவா முடியும்? கோட்டு போட்டுக்குவாங்க. தண்ணி கோட்டு மேலயே வழிஞ்சு போயிரும், சட்டை நனையாது. கம்பிக்கு மழைக்கோட்டு. அவ்ளோதான்."

[இந்த மழைக்கோட்டு உவமை அவளுடையது. நன்றாக இருந்ததால் என்னுடையது என்று போட்டுக்கொள்ளப் பார்த்தேன். இந்தக் கதையை அவள் படிப்பாள் என்பதால் விட்டுவிட்டேன்.]

"கோட்டு ரொம்ப கனமா இருந்துட்டா?" என்று கேட்டேன்.

அவள் முழுசாக என் பக்கம் திரும்பினாள். "நல்லா கேட்டீங்க. கனமா போட்டா கோட்டுக்குள்ளயே வேர்த்துரும். சுழல் அந்தப் பூச்சுலயே கெளம்பிரும். சரியான கனத்தக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு."

பாடம் கேட்டு ஒருவர் என்னைப் பாராட்டி நாற்பது வருஷம் ஆகிறது. அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தேன்.

3

"கண்டுபிடிச்சிட்ட இல்ல? அப்புறம் என்னா ஆச்சு?"

"தோத்துப்போச்சு சிகு."

ஓரமாகக் காரை நிறுத்தினேன். இந்தக் கதையில் ஒரு உயிர் இருக்கிறது என்றால் அது இங்கேதான் இருக்கிறது, அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

கஸ்தூரி பன்னிரண்டு வருஷம் அந்தத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். வார இறுதிகளில் படித்து டிப்ளோமா வாங்கினாள். பூச்சு யோசனையை எழுதிக்கொண்டு போனபோது யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. வாங்கிப் பார்த்த ஒரே ஆள் கமலநாதன், கம்பிப் பிரிவின் சூப்பர்வைசர். இரண்டு முறை மேனேஜர் அறைக்கு அவளைக் கூட்டிப் போய், "இந்தப் பொண்ணுக்கு ஒரு தொட்டி குடுங்க" என்று நின்றவர் அவர்தான். மேனேஜர் ஒரு பூச்சுத் தொட்டியும், இரண்டு வருஷமும், கடைசியில் ஒரே ஒரு சோதனையும் கொடுத்தார்.

சோதனை சின்னதுதான். சாதாரணச் செம்புச் சுருளில் இருபது நிமிடம் மின்சாரம் ஓட்டியதில் எண்பத்து நான்கு டிகிரி வந்திருந்தது. பூச்சுப் போட்ட சுருள் எழுபத்து நான்கோ அதற்குக் கீழோ காட்டினால் தொட்டி நிலைக்கும்.

"எவ்ளோ காட்டுச்சு?"

"தொண்ணூத்தொண்ணு."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

"கொறையலன்னாக்கூட மனசு ஆறும் சிகு. கூடியிருக்கு. எப்படிக் கூடும்? எந்தப் பக்கமிருந்து கணக்குப் போட்டுப் பாத்தாலும் எழுவது எழுவத்தொண்ணுதான் வருது. மாசக் கடைசியில தொட்டியக் கழட்டுறாங்க. நான் திரும்பப் பேக்கிங்குக்குப் போறேன். பேக்கிங் ஒண்ணும் கேவலம் இல்ல, பன்னெண்டு வருசம் இருந்த எடம். ஆனா எங்க தப்புப் பண்ணேன்னு தெரியாமயே திரும்பிப் போகணும் பாருங்க, அதத்தான் என்னால முழுங்க முடியல."

எனக்கு அவள்மேல் பரிதாபம் வந்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நல்ல கதை கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியும் வந்தது.

இறங்குவதற்கு முன் ஒரு நிபந்தனை போட்டாள். "கதையில எழுவதுன்னு போட்டு என்னைய ஜெயிக்க வெச்சிராதீங்க. அளக்காத நம்பர எழுதக் கூடாது."

4

கமலநாதனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. மனிதர்மேல் இல்லை, பாத்திரத்தின்மேல்.

அவரை நான் ஒரே ஒரு தடவை தொழிற்சாலை வாசலில் பார்த்திருக்கிறேன். நரைத்த மீசை, நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் மூன்று பேனா. கஸ்தூரி சொல்வதையெல்லாம் நம்பினால் தங்கமான மனிதர். தங்கமான மனிதரை வைத்துக்கொண்டு கதையில் என்ன செய்வது? ஒரு தடவை மாற்றிப் பார்த்தேன்: 'கமலநாதனின் கண்ணில் பொறாமை மின்னி' —

இல்லை. கஸ்தூரி என்னை உயிரோடு விடமாட்டாள்.

சோதனைக் காட்சியை எழுதும்போது இன்னொரு தொல்லை. கஸ்தூரி கண்ணாடிக்கு வெளியே கணினியின் முன்னால் இருக்கிறாள், அவளுக்கு வேலை இருக்கிறது. அறைக்குள் சுருளை வைக்கப் போன கமலநாதனுக்கு? சுருளை வைத்துவிட்டு வர அரை நிமிடம் போதும். ஒரு பாத்திரத்தின் இரண்டு கையும் சும்மா தொங்கினால் காட்சி செத்துவிடும். ஆகவே அவர் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று யோசித்தேன். என் டிரைவிங் பள்ளிக்குப் புதுக் கார் வந்தால் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முன்பக்கம் சந்தனம் பூசித்தான் வெளியே எடுப்போம். அதிலிருந்து பிடித்தேன். எழுதியதை அப்படியே தருகிறேன்:

'புதுச் சரக்கின் முதல் உருப்படி வெறும் மேசையில் உட்காரக் கூடாது என்பது கமலநாதனின் பத்தொன்பது வருஷப் பழக்கம். சோதனை அறைக்குள் போனதும் சட்டைக்குள்ளிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை எடுத்தார். சுருள் வைக்கும் மரக்கட்டையின் மேல் தட்டு, தட்டில் இரண்டு வெற்றிலை, ஒரு பொட்டுச் சந்தனம். அதன் மேல் சுருளை உட்கார வைத்தார். சுருள் தோசைக்கல் அகலம், தட்டு காபிச் சாசர் அகலம். வெளியிலிருந்து பார்த்தால் சுருள் மட்டும்தான் தெரியும். "முருகா, இந்தப் புள்ளையக் கைவிட்டுறாத" என்றார். வெளியே வந்து கதவைச் சாத்தினார்.'

எழுதி முடித்து வாசுகிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நல்லா இருக்கு என்றாள். அவள் அப்படிச் சொல்வது வருஷத்துக்கு ஒரு முறைதான்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை மாசாயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கஸ்தூரியிடம் அதுவரை எழுதிய நான்கு பக்கத்தையும் கொடுத்தேன். அவள் ஒரு கையில் தோசையும் இன்னொரு கையில் பேனாவுமாகப் படித்தாள். அங்கங்கே அடித்தாள். "பூச்சு கொதிக்கல சிகு, தொட்டி வெதுவெதுப்பாத்தான் இருக்கும்" என்றாள். "நான் கண்ணீர் விடல" என்று ஒரு முழு வாக்கியத்தையே அடித்தாள். மூன்றாம் பக்கத்தில் தட்டு வந்தது.

"ஐயோ சிகு! தட்டையா வெச்சீங்க?"

"ஏன், எல்லாருக்கும் பிடிச்ச இடமே அதுதான்." (எல்லாரும் என்றால் வாசுகி.)

"வீட்டுல இண்டக்சன் அடுப்பு இருக்கா?"

"இருக்கு."

"அடுப்பு ஓடும்போது அது மேல மரக்கரண்டிய வெச்சா சூடாகுமா?"

"ஆகாது."

"எவர்சில்வர் சட்டிய வெச்சா?"

"சட்டி சூடாகும்."

"அந்த அடுப்புக்குள்ள இருக்கறதும் இந்த மாதிரி சுருளுதான். நீங்க வெச்ச தட்டுதான் சட்டி. நான் இழை இழையா கோட்டு மாட்டி, சுழல் கெளம்பாம பாத்துப் பாத்து செஞ்சு குடுக்கிறேன். நீங்க அடியில முழுசா ஒரு தட்டை வெச்சு, இந்தா ஓடிக்கோன்னு சுழலுக்குத் தெடலே போட்டுக் குடுத்துட்டீங்க! தட்டு கொதிக்கும். அது மேல உக்காந்து சுருளும் வேகும். எழுவது வர வேண்டியது எங்கயோ போயி நிக்கும். தொண்ணூறு, தொண்ணூத்தொண்..."

அங்கே நிறுத்திவிட்டாள்.

தோசையைத் தட்டில் வைத்தாள். கை துடைத்தாள். மறுபடி அந்தப் பத்தியைப் படித்தாள்.

"சிகு, இந்தத் தட்டைப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. சும்மா எழுதினது."

"கமலநாதன் அண்ணனப் பாத்துப் பேசினீங்களா?"

"சத்தியமா இல்ல. அவரு கை சும்மா இருந்துச்சு, ஒரு தட்டைக் குடுத்தேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை, கடைக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசினாள். "அன்னிக்கு ரூமு கதவைத் தெறந்தப்ப வெத்தல கருகின வாசம் வந்துச்சு. அண்ணன் வெத்தல போடுற ஆளு, அதுன்னு நெனச்சேன். மத்தியானம் அவரு ஆள்காட்டி வெரல்ல பிளாஸ்டர் ஒட்டியிருந்தாரு. என்னாண்ணேன்னு கேட்டேன். சூடு பட்டுருச்சும்மான்னாரு."

"சுருள் சுட்டிருக்கும்."

"சுருள நான்தான் கையுறை போட்டுத் தூக்கினேன் சிகு. அவருக்கு முன்னாடியே. தொண்ணூத்தொண்ணப் பாத்த அதிர்ச்சியில அடியில என்னா இருந்துச்சுன்னு பாக்கல. நான் அந்தப் பக்கம் திரும்பினப்ப அவரு வேற எதையோ எடுத்திருக்காரு."

பழைய செம்புச் சுருளுக்கு ஏன் அப்படி ஆகவில்லை என்று கேட்டேன். அதற்கும் அவளே பதில் சொன்னாள். அது பழைய சரக்கு, அதற்குத் தட்டு மரியாதை கிடையாது, வெறும் மரக்கட்டையின் மேல் அளந்தது.

[இந்த இடத்தில் உங்கள் முகம் எனக்குத் தெரிகிறது. "எழுத்தாளன் சும்மா எழுதிய தட்டு நிஜத்திலும் இருந்ததாம், யாரிடம் காது குத்துகிறாய்" என்கிறீர்கள். குத்தத்தான் செய்கிறேன், கதை என்றால் பிறகென்ன? ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். நானும் கமலநாதனும் ஒரே மாதிரிக் கோயில்களில் விபூதி வாங்குகிறவர்கள். புதுக் காருக்கு என் கை எங்கே போகுமோ, புதுச் சுருளுக்கு அவர் கையும் அங்கேதான் போகும். இதில் அதிசயம் குறைவு.]

6

அன்று தோசை ஆறிப்போனது. அடுத்து என்ன என்ற பேச்சு வந்தது.

காரணம் எழுதாமல் மறுசோதனை கேட்க முடியாது. காரணம் எழுதினால் கமலநாதன் மாட்டுவார். சோதனை அறைக்குள் உலோகப் பொருள் எதையும் கொண்டு போகக் கூடாது என்று கதவில் மூன்று மொழியில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஒட்டியவரே அவர்தான். அன்றைக்குக்கூட மோதிரம், கடிகாரம், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போனாராம். தட்டு மட்டும் அவர் கணக்கில் உலோகமே இல்லை, அது சாமிச் சாமான். அவர் பெயரில் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறது. மூன்றாவது வந்தால் சூப்பர்வைசர் வேலை போய்விடும். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம்.

நான் எழுத்தாளன் இல்லையா, மூன்று முடிவைக் கையோடு எடுத்துக் கொடுத்தேன்.

முதல் முடிவு: மீட்டரில் கோளாறு என்று எழுதிக் கொடுத்து கஸ்தூரி மறுசோதனை வாங்குகிறாள்.

"மீட்டர் நல்லாத்தானே இருக்கு? அப்படி எழுதினா மீட்டரப் பாத்துக்கிறவனுக்கு லெட்டர் போகும். அவன் என்னா பண்ணான்?"

இரண்டாம் முடிவு: தட்டை வைத்தது நான்தான் என்று கஸ்தூரி பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். வாசகர்கள் அழுகிறார்கள்.

"நான் என்னா உங்க பழைய கதையில வர்ற பொம்பளையா?"

மூன்றாம் முடிவு: கஸ்தூரி யாரிடமும் சொல்லாமல் பேக்கிங் பிரிவுக்குத் திரும்புகிறாள். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்து —

"மழை வேண்டாம் சிகு."

"அப்ப நீயே ஒரு முடிவு சொல்லும்மா!" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் நான்கு பக்கத்தையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "நாளைக்கு இதை அண்ணன்கிட்டக் குடுக்கப் போறேன். நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. அவரே படிக்கட்டும்."

அவர் என்ன செய்வார் என்று எனக்குத் துளிகூடச் சந்தேகம் இருக்கவில்லை. முப்பத்தாறு கதை எழுதியவன், மனுஷனைத் தெரியாதா? பதினான்கு மாதத்தை எவனும் ஒரு தட்டுக்காகத் தூக்கிக் கொடுக்க மாட்டான். அன்றே எழுதி வைத்தேன்: 'கமலநாதன் அந்தக் காகிதங்களைக் கசக்கி, "நான் எந்தத் தட்டையும் வைக்கல" என்று' —

7

திங்கள் மத்தியானம் கஸ்தூரி போன் பண்ணினாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

கேண்டீனில் வைத்துப் படித்தாராம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, உதட்டை அசைத்து, ஒவ்வொரு எழுத்தாக. நான்கு பக்கத்துக்கு இருபது நிமிடம். தேநீரைத் தொடவே இல்லை. மூன்றாம் பக்கம் வந்ததும் விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாராம்.

"இவன் தப்பா எழுதியிருக்கான்."

கஸ்தூரிக்குத் திக்கென்றது. "எதுண்ணே?"

"முருகான்னு நான் சொல்லல. மாரியாத்தான்னுதான் சொன்னேன்."

அவ்வளவுதான். நான் நூறு பக்கம் எழுதினாலும் இப்படி ஒரு ஒப்புதலை எழுதியிருக்க மாட்டேன்.

பிறகு அவள் இண்டக்சன் அடுப்பு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் நம்பவில்லை. லாக்கருக்குப் போய்த் தட்டை எடுத்து வந்தார். கேண்டீன்காரரின் இண்டக்சன் அடுப்பில் தட்டை வைத்து, மடியிலிருந்த ஒரு வெற்றிலையை அதன்மேல் போட்டு, சுவிட்சைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் வெற்றிலை சுருண்டு கருகியது. அவர் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். அங்கே இன்னும் காய்ந்த தோல் இருந்தது.

"இம்புட்டு நாளா சுருளோட சூடுதான் தட்டுல ஏறி வெரல சுட்டுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேம்மா. ஒனக்கு நல்லது நடக்கணும்னு வெச்சேன். நானே கெடுத்துட்டேனா?"

"அண்ணன் அழுதுட்டாரு சிகு," என்றாள் கஸ்தூரி. "எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, அவரு நிக்கிறாரு, கண்ணுல தண்ணி வழியுது. எனக்குத் தாங்கல. நான் சொல்லிட்டேன், மீட்டரு கெட்டுப்போச்சுன்னு போட்டுரலாம்ணேன்னு."

"நீயா? நேத்து என்னையத் திட்டினியே!"

"நேத்து அவரு அழல."

அவர் மூக்கைச் சிந்திவிட்டு, "மீட்டர் என்னா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாராம். நேராக ஆபீசுக்குப் போய் மறுசோதனைப் படிவத்தை வாங்கினார். மூன்று பேனாவில் ஒன்றை எடுத்தார். 'காரணம்' என்ற கட்டத்துக்கு நேராக மலாயில் இரண்டே சொல் எழுதினார். பிங்கான் சாயா. என் தட்டு. கையெழுத்துப் போட்டு, தட்டையும் படிவத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போய்விட்டார்.

மேனேஜர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். மறுசோதனை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று சொல்லியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி அதற்கு அப்புறம் பேசலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

போனை வைத்துவிட்டு, நான் எழுதி வைத்திருந்த அந்த 'நான் எந்தத் தட்டையும் வைக்கல' வாக்கியத்தைப் போய்ப் பார்த்தேன். அடித்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு, இருக்கட்டும், நீங்களும் பாருங்கள் என்று ஆறாம் பகுதியின் கடைசியில் அப்படியே விட்டுவைத்தேன். அந்த மனிதரைப் பற்றி நான் அப்படி நினைத்தது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

8

இன்று வியாழக்கிழமை.

தட்டு என் மேசைமேல் இருக்கிறது. கஸ்தூரி கொண்டுவந்து கொடுத்தாள். சோதனை முடிகிறவரை அது தொழிற்சாலைக் கேட்டுக்குள் வரக் கூடாது, எழுதினவன் வீட்டிலேயே கிடக்கட்டும் என்று கமலநாதன் சொல்லி அனுப்பியிருக்கிறார். நடுவில் வெற்றிலை வடிவத்தில் ஒரு பழுப்புக் கறை. வாசுகி புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை.

"நாளைக்கு என்னா வரும்?" என்று கஸ்தூரியைக் கேட்டேன்.

"எழுவது. மிஞ்சிப் போனா எழுவத்தொண்ணு." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அவ்ளோ நிச்சயமா?"

"அந்தப் பூச்ச நான் போட்டேன் சிகு. எனக்குத் தெரியாதா?"

"அப்ப எழுதிரட்டுமா? பத்திரிகைக்கு இன்னிக்குச் சாயந்திரத்துக்குள்ள கதைய அனுப்பணும்."

"கூடாது. எனக்குத் தெரிஞ்சது வேற, அளந்தது வேற. நாளைக்குப் பத்து இருவதுக்கு மீட்டர் சொன்னாத்தான் அது நம்பர். அதுக்கு முன்னாடி அது என் ஆசை." வாசல் வரை போய்த் திரும்பினாள். "அண்ணன் நாளைக்கு வெறுங்கையோடதான் உள்ள போவாரு. கையை எங்க வெக்கிறதுன்னு அவரே பாத்துக்குவாரு. நீங்க எதையும் குடுக்காதீங்க."

ஆகவே கதையை இப்படியே அனுப்புகிறேன்:

சாதாரணச் செம்புச் சுருள், மரக்கட்டையின் மேல், இருபது நிமிடம்: 84 டிகிரி.

பூச்சுப் போட்ட சுருள், மரக்கட்டையின் மேல், இருபது நிமிடம்: ............ டிகிரி.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த வெள்ளிக்கிழமை போயிருக்கும். எண் எங்கேயோ ஒரு தாளில் இருக்கும். ஒரு தொட்டி நிலைத்திருக்கும், அல்லது கழற்றப்பட்டிருக்கும். கமலநாதனுக்குக் கடிதம் வந்திருக்கும், அல்லது வந்திருக்காது. எனக்குத் தெரியாது. நிச்சயம் என்று தோன்றினாலும் அளக்காததை எழுத எனக்கு உரிமை இல்லை, நிபந்தனை அப்படி. புள்ளி வைத்த இடத்தை உங்களுக்கு விட்டிருக்கிறேன். உங்களுக்குக் கஸ்தூரியைப் பிடித்திருந்தால் பேனா தானாக எழுபதுக்குப் போகும். என் பேனாவும் காலையிலிருந்து அங்கேயேதான் போய்க்கொண்டிருக்கிறது, பிடித்து வைத்திருக்கிறேன்.

எழுதுவதாக இருந்தால் எழுதுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். இந்தப் பக்கத்தைத் தூக்கி, அடியில் நான் எதையாவது வைத்திருக்கிறேனா என்று பாருங்கள். என் கையைப் பற்றி எனக்குத் தெரியும்.